இருபத்திரண்டு கேன்கள்

துணைவேந்தர் என்றால் என்ன வேலை என்று மரக்காணம் உப்பளத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு டாக்டர் அமுதவல்லியின் பெயர் போயிருக்கிறது என்பது 2006 சித்திரை பிறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியவன் அவளுடைய அண்ணன் தனக்கோடி. உப்பு வாரிக் காய்த்துப்போன கையை ஆட்டி ஆட்டி அவன் டீக்கடையில் கொடுத்த விளக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கேட்டிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

“டாக்டருக்கு மேல புரொபசரு. புரொபசருக்கு மேல டீனு. எந்தங்கச்சி இப்ப டீனு. டீனுங்களுக்கெல்லாம் மேல வைஸ் சான்சலரு.”

“அவங்க ஊசி போடுவாங்களாப்பா?”

“போட மாட்டாங்க. ஊசி போடுறவங்கள உண்டாக்குற காலேஜுங்க இருக்குது பாரு, அத்தினியும் மேய்க்கிறது.”

“அப்ப நமக்கு ஒடம்பு சரியில்லன்னா?”

“கையெழுத்து போடவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கும்பா.”

அமுதவல்லியின் பதவி உயர்வுகள் எல்லாம் இந்த வீட்டுக்குப் புது விலாசமாகத்தான் வந்து சேர்ந்தன. உதவிப் பேராசிரியராக மெட்ராஸ், இணைப் பேராசிரியராக மதுரை, துறைத் தலைவராகக் கோயம்புத்தூர், பிறகு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு டீன். எங்கே இருந்தாலும் பொங்கலுக்குப் புடவை வரும். ஆள் வருவது அபூர்வம். வந்தாலும் ஒரு காபி, ஒரு மணி நேரம், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். சுனாமி வந்தபோது மருத்துவக் குழுவோடு பக்கத்து மீனவ ஊரான அனுமந்தைக்கு வந்து மூன்று நாள் இருந்தவள், அண்ணன் வீட்டில் ஒரு வேளைச் சோறு தின்னவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று ஊர் பேசியது. ஊர் வாய்க்கு அது போதும்.

அண்ணி அமராவதி மட்டும் அப்படிப் பேச மாட்டாள். நாத்தனார் வராததற்கு வேறு காரணம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். அந்தக் காரணம் தான்தானோ என்றும் தோன்றும். தோன்றும்போதெல்லாம் போய் ஒரு கூடை உப்பு அதிகமாகச் சுமப்பாள்.

சித்திரை இரண்டாம் வாரம், காலை வேலை முடிகிற நேரத்தில், உப்பு ஏஜெண்டு சிங்காரம் வரப்பில் ஓடி வந்தான். அவன் கையில் செல்போன். அந்தப் பக்கத்தில் அப்போது அவனிடம்தான் செல்போன் இருந்தது. அதனாலேயே பாதி ஊர் அவனிடம் பணிவாக இருந்தது.

“யக்கா, டாக்டரம்மா பேசுறாங்க. ஒன்னத்தான் கேக்குறாங்க.”

அமராவதி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உப்புக் கை என்பதால் சிங்காரம் முகத்தைச் சுளித்தான்.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா? வியாழக்கிழமை சென்னையிலேர்ந்து காசிலிங்கம்னு ஒரு பெரிய டாக்டர் வருவாரு. அந்தக் காலத்துல நான் கேன் குடுத்து ஒண்ணுக்கு வாங்கிட்டுப் போனேனே, அதைப் பத்தி உங்களையெல்லாம் விசாரிப்பாரு.”

“எதுக்கும்மா இப்ப?”

“என் பேரு கடைசி மூணு பேர்ல வந்திருக்குது. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க, அந்த ஆராய்ச்சியில தப்பு இருக்குதுன்னு.”

அமராவதி செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “இன்னா தப்பாம்?”

“அதை நான் சொல்லக் கூடாது அண்ணி. விசாரணை முடியிற வரைக்கும் உங்ககிட்ட பேசவே கூடாது. வருவாங்கன்னு சொல்லத்தான் அனுமதி வாங்கினேன். நடந்தது என்னவோ அதை அப்படியே சொல்லுங்க. வச்சிடுறேன்.”

நடந்ததைச் சொல்லுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டாள். நடந்தது என்ன என்று சொல்ல முடியாமல்தானே ஒருத்தி இத்தனை வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். 1986-இல் அமுதவல்லி உதவிப் பேராசிரியராக இருந்தாள். உப்பளத்துப் பெண்களின் சிறுநீரகம் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கிளம்பி வந்தாள். அதற்கு அவ்வளவு தூரம் படிக்க வேண்டியதில்லை, உப்புப் பாத்தியில் ஒரு நாள் நின்றால் போதும். விடியும் முன்பே இறங்கினால் உச்சி வெயில் ஏறும்வரை உப்பு வாருவதும் சுமப்பதும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஒதுங்க முடியாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வாயை நனைத்துத் துப்பிவிட்டு வேலை பார்ப்பார்கள். ஆனால் இதை அளந்து காட்டினால்தான் மெத்தப் படித்தவர்கள் நம்புவார்கள்.

அறுபது பெண்களுக்கு வெள்ளை பிளாஸ்டிக் கேன் கொடுத்தாள். ஒரு பகல், ஒரு இரவு, எத்தனை முறை போனாலும் அதில் பிடித்துத் தர வேண்டும். இருபத்திரண்டு பேர் அமராவதியின் பொறுப்பு. மறுநாள் அந்தக் கேன்கள் வந்து வரிசையாக நின்றதைப் பார்த்தபோது அமராவதிக்கு முகம் செத்துவிட்டது. ஒன்றிலும் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மேல் இல்லை. உப்பளத்தில் நிறையாத மூட்டைக்கு மதிப்பில்லை. குறை மூட்டையை மேஸ்திரி காலால் தள்ளிவிடுவான், சுமந்தவள் தலை குனிந்து நிற்பாள். நம் வீட்டுப் பெண் மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் எதிரில் இருபத்திரண்டு குறைக் கேன்களை வைத்துக்கொண்டு அப்படித்தானே நிற்பாள்?

நிறைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். குடிதண்ணீர் ஒரு மைல் நடந்து கொண்டுவருவது, அதைப் போய்க் கேனில் ஊற்ற மனம் வரவில்லை. பக்கத்தில் பாத்தித் தண்ணீர் இருந்தது. கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடியைத் திருகி, துடைத்து அனுப்பிவைத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வருஷம் அமுதவல்லி மறுபடி வந்தாள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பாத்திகளுக்குப் போனாள், கூட ஒரு நர்ஸை வைத்துக்கொண்டாள், அண்ணியைக் கூப்பிடவில்லை. ஏன் என்று அமராவதிக்கு அப்போது புரியவில்லை. பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் ரத்தம், ஒண்ணுக்கு பார்க்கிற பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்: “பாட்டில்ல தண்ணி கலந்தா எல்லாமே தப்பா வரும்னு தெரியாதா?” வரிசையில் நின்ற அமராவதிக்கு அப்போதுதான் அந்தக் கேன் விஷயம் புரிந்தது. விஷயத்தைச் சின்னப்பாப்பாவிடம் மட்டும் சொன்னாள். சின்னப்பாப்பாவும் கேன் கொடுத்தவள்தான்.

செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமராவதி கூடையை எடுத்தாள். சின்னப்பாப்பா பின்னாலேயே வந்தாள்.

“இன்னாக்கா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?”

“கண்டுபுடிச்சிட்டானுங்கடி. கேன் விஷயம். விசாரிக்க வர்றாங்களாம்.”

“யாரு சொல்லியிருப்பா? நான் சொல்லலக்கா. எம்புள்ளைங்க மேல ஆணையா சொல்லல.”

“ஒன்ன யாருடி சொன்னா. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அவ அம்மாம் பெரிய சீட்ல ஒக்காரப்போற நேரத்துல நான் ஊத்துன தண்ணி வந்து நிக்குது பாரு.”

“நிக்கட்டும். நாம இன்னா, ஊத்துனோம்னு சொல்லப்போறமா? எல்லாம் எங்களுதுதான்னு சொல்லிட்டுப் போறோம். இருவது வருசத்துக்கு மின்ன வந்ததை இப்ப மோந்து பாத்தா கண்டுபுடிப்பான்?”

“நடந்தத சொல்லுங்கன்றா அவ.”

“அவங்களுக்கு இன்னா நடந்துச்சின்னே தெரியாது. தெரியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

அமராவதி கூடையை உப்பு அம்பாரத்தில் கவிழ்த்தாள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. ஆமாம், அமுதவல்லிக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பிப் புத்தகம் எழுதி, அந்தப் புத்தகத்தால் பேர் வாங்கி, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அடியிலேயே ஓட்டை என்று தெரிந்தால் கட்டியதெல்லாம் சரியும்.

மத்தியானம் கூழும் சுட்ட கருவாடும் வைத்துவிட்டு தனக்கோடியிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அவன் கையில் இருந்த கருவாட்டை வாய்க்குக் கொண்டு போகாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“பாத்தித் தண்ணியா?”

“ஆமாங்க.”

“இருவத்திரெண்டுலயுமா?”

“ஒண்ணுல ஊத்தி ஒண்ணுல ஊத்தலன்னா நல்லாவா இருக்கும்?”

அவன் கருவாட்டைத் தட்டில் வைத்தான். திட்டினால் தேவலை என்று அமராவதி நினைத்தாள். கடைசியில் அவன் கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான்.

“அந்த இருவத்திரெண்டு பேருல இப்ப எத்தினி பேரு இருக்கறாங்க?”

“பதினாலு பேரு. மத்தவங்க போய்ச் சேந்துட்டாங்க. நாலு பேரு கிட்னியிலயே போனாங்க.”

“பதினாலு பேரும் ஒரே வார்த்தையா சொல்லணும். எல்லாம் சரியா குடுத்தோம், எதையும் கலக்கல. நானே வீடு வீடா போயி சொல்லிட்டு வர்றேன். நீ வாயத் தொறந்த, அமுதா தெருவுக்கு வந்துருவா. புரியுதா?”

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. காசிலிங்கம் எழுபது வயசு இருக்கும். ஒல்லியான, சிரிக்காத மனுஷர். கூட ஒரு டைப்பிஸ்ட். சிங்காரத்தின் கீற்றுக் கொட்டகையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நுங்கு சீவி வைத்திருந்தார்கள், அவர் தொடவில்லை. லஞ்சம் என்று நினைத்தாரோ என்னவோ. சிங்காரம்தான் இரண்டு நுங்கைத் தின்றான்.

அவர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்.

“உங்க பேர்?”

“சின்னப்பாப்பாங்க.”

“நீங்க குடுத்த கேன்ல உங்களுதைத் தவிர வேற ஏதாவது கலந்திருந்துதா?”

“இல்லிங்க. சுத்தமா எங்களுதுதாங்க.”

“கேன் எவ்வளவு இருந்தது?”

“கழுத்து வரிக்கும் இருந்துதுங்க.”

“ஒரே நாள்ல?”

“ஆமாங்க. நாங்க நெறைய தண்ணி குடிப்போங்க.”

டைப்பிஸ்ட் தட்டியதைப் படித்துக் காட்டி, மைப்பெட்டியை நீட்டினான். சின்னப்பாப்பா கட்டை விரலை அழுத்திவிட்டு, முடித்துவிட்டேன் என்பதுபோல் அமராவதியைப் பார்த்தாள். அடுத்தவள் வந்தாள். அதே பதில், அதே கைநாட்டு. தனக்கோடி பாடம் நடத்தியது வீண்போகவில்லை. ஆறாவது கைநாட்டு விழும்போது காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சந்தோஷப்படுகிற முகமாக இல்லை.

“ஒண்ணு சொல்லிடுறேன். இது சாட்சி. பொய்னு பின்னால தெரிஞ்சா கைநாட்டு வச்சவங்கதான் பதில் சொல்லணும்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாவதாக அமராவதி எழுந்தாள். கொட்டகை வாசலில் நின்ற தனக்கோடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேர்?”

“அமராவதிங்க. டாக்டரம்மாவுக்கு அண்ணி.”

“கேன்ல ஏதாவது கலந்தீங்களா?”

அமராவதி மைப்பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் சின்னப்பாப்பா மை படிந்த விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த தப்புக்கு இவளும் இந்த ஐந்து பேரும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அமுதா, என்னை மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“கலந்தேங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இருவத்திரெண்டு கேன்லயும் நாந்தான் பாத்தித் தண்ணி ஊத்துனேன்.”

தனக்கோடி தலையில் கை வைத்து அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். டைப்பிஸ்டின் விரல் நின்றது. காசிலிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

“பாத்தித் தண்ணின்னா? உப்பு விளையிற தண்ணியா?”

“ஆமாங்க.”

“டாக்டர் ஊத்தச் சொன்னாங்களா?”

“அய்யோ, அதுக்குத் தெரியவே தெரியாதுங்க. அது மெட்ராஸ்ல இருந்துது. நானாத்தான் ஊத்துனேன்.”

“எதுக்காக?”

“எல்லாம் நாலு வெரல் தாங்க இருந்துது. அரை மூட்டைய யாருங்க எடுப்பாங்க? எங்க வீட்டுப் பொண்ணு பெரியவங்க எதிர்ல கொறையா வச்சிகினு நிக்கக் கூடாதுன்னு ரொப்பிட்டேங்க.”

காசிலிங்கம் சிங்காரத்தின் பக்கம் திரும்பினார். “இங்க அரை மூட்டை எடுக்க மாட்டீங்களா?”

நுங்குக் கையோடு சிங்காரம் எழுந்து நின்றான். “எடுக்க மாட்டேங்க.”

அவர் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அமுதவல்லியின் ஆராய்ச்சிப் புத்தகம். ஒரு பக்கத்தை விரித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

“இதுல டாக்டர் எழுதியிருக்காங்க. இருபத்திரண்டு கேன்ல மனுஷ உடம்புலேர்ந்து வரவே முடியாத அளவுக்கு உப்பு இருந்துது, எப்படி வந்துதுன்னு தெரியல, அதனால அந்த இருபத்திரண்டையும் கணக்குல சேர்க்கலை. அப்படின்னு.”

அமராவதிக்கு முதலில் புரியவில்லை. “சேக்கலியா?”

“சேர்க்கலை. அதுக்குப் பதிலா அடுத்த வருஷம் வேற இருபத்திரண்டு பேர்கிட்ட வாங்கியிருக்காங்க. கடுதாசி போட்டவன் என்ன சொல்றான் தெரியுமா? பழைய லேப் நோட்டுல அந்தக் கேனெல்லாம் முழுசா இருந்ததுன்னு எழுதியிருக்குது. அந்தப் பொம்பளைங்க நல்லா தண்ணி குடிக்கிறவங்க, நல்ல ஆரோக்கியமானவங்க, டாக்டர் சொல்ல வந்ததுக்கு அது ஒத்துவரலை, அதனால கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லித் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்றான். இப்ப இந்த ஆறு பேரும் அதைத்தான் சொன்னாங்க. முழுசா இருந்துது, சுத்தமா இருந்துது, நிறைய தண்ணி குடிப்போம்னு.”

சின்னப்பாப்பா தன் விரலைப் பார்த்தாள். காப்பாற்றுவதாக நினைத்து ஆறு பேரும் சேர்ந்து குழி தோண்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு மெதுவாக விளங்கியது.

“அய்யா, என்னுத கிழிச்சிடுங்க. நான் ஒரு நாளைக்கு ரெண்டு சொம்பு கூட குடிக்க மாட்டேங்க. பாத்தியில எங்க போயி ஒக்கார்றது?”

“அதைத்தான் டாக்டரும் எழுதியிருக்காங்க,” என்றார் காசிலிங்கம். முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. “முதல்லேர்ந்து எழுதுவோம். எல்லாரும் உண்மையைச் சொல்லுங்க.”

இரண்டு மணி நேரம் எழுதினார்கள். போகும்போது அவர் பாத்தித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு நுங்கை எடுத்துத் தின்றார். அமராவதிக்குப் பத்து வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கியதில் கால் தரையில் பாவவில்லை. தனக்கோடி வந்து பக்கத்தில் நின்றான். “நீ வாயத் தொறந்தியே, மகராசி,” என்று மட்டும் சொன்னான்.

வைகாசி நடுவில் உத்தரவு வந்தது. அமுதவல்லிதான் துணைவேந்தர். டீக்கடையில் தனக்கோடி மறுபடி வகுப்பு எடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அமராவதி காலையிலேயே அனுமந்தைக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தாள். சின்னப்பாப்பா வெங்காயம் உரிக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அமுதவல்லி நாற்காலியை விட்டுவிட்டு அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்தாள். பேச வந்தவள் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

“அண்ணி, லேப்ல அந்த உப்பைப் பார்த்த அன்னைக்கே அது பாத்தித் தண்ணின்னு எனக்குத் தெரியும். இங்க பொறந்தவளுக்கு அது கூடவா தெரியாது? யாரோ வேணும்னே ஊத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதைப் புத்தகத்துல எழுத மனசு வரலை. தெரியலைன்னு எழுதிட்டேன்.”

“வேணும்னேதாம்மா ஊத்துனேன்.”

“நான் நெனச்சது வேற அண்ணி.” அவள் குரல் இறங்கியது. “உப்பு சுமந்தவன் பொண்ணு டாக்டராயி வந்து, ஒண்ணுக்கு புடிச்சிக் குடுங்கன்னு கேனை நீட்டுறா. திமிரு புடிச்சவ, இவளுக்கு இதுதான்னு எல்லாரும் சேர்ந்து என்னைக் கேலி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்களும் சேர்ந்து.”

அமராவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“இருபது வருஷமா அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்தா அதுதான் ஞாபகம் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஒக்கார முடியாது. அந்தப் புத்தகத்தை முடிச்சதுக்கப்புறம் நான் எந்த ஊருக்கும் போயி ஆராய்ச்சி பண்ணலை. சொந்த ஊர்க்காரங்களே நம்பாதவளை வேற எவ நம்புவான்னு, ஹாஸ்டல் வார்டன் வேலையைக் கேட்டு வாங்கிட்டுப் போனேன். அங்கேர்ந்து ஆபீஸ், ஃபைலு, கமிட்டி, டீன்.”

“நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?” என்றாள் அமராவதி. “எம்மேல கோவத்துல வராம கெடக்குறியோன்னு நெனச்சேன். நீ தலை குனியக் கூடாதுன்னுதாம்மா ஊத்துனேன்.”

“அந்த வார்த்தையைக் காசிலிங்கம் சார் அறிக்கையில அப்படியே எழுதியிருந்தாரு. உத்தரவை நான் ரெண்டாவதாத்தான் படிச்சேன் அண்ணி. அதை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது.”

சின்னப்பாப்பா உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப அக்கா மட்டும் ஊத்தலன்னா, நீ இந்நேரம் கேன் தூக்கிகினு ஊர் ஊரா திரிஞ்சிகினுதான் இருந்திருப்ப. வைஸ் சான்சலரு எங்க ஆவுறது?”

அமுதவல்லி சிரித்தாள். வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. அமராவதி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இருபது வருஷத்தையும் சேர்த்து அழுதாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி லேசாகி என்று நினைத்தாள்.

வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த தனக்கோடி இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு தானே தட்டுகளை எடுத்து வைத்தான்.

“ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு அழுங்க. சோறு ஆறுது.”